காற்பந்து பேசுவோம், கணக்கோடு பேசுவோம்

திங்கட்கிழமை காலை என்றால் எங்கள் பள்ளி அறிவியல் கூடத்தின் பின்வரிசையில் ஒரே சத்தம். வெப்பம் பற்றிய பாடம் தொடங்கும் முன்பே அங்கே சூடு ஏறியிருக்கும். "ஹாலண்ட் முடிஞ்சான் லா, நான் அப்பவே சொன்னேன்!" என்பான் ஒருவன். "போடா, உனக்குப் பந்தே தெரியாது" என்பான் இன்னொருவன். இரவு பத்து, பதினொரு மணிக்குத் தொடங்கும் இங்கிலாந்து பிரிமியர் லீக் ஆட்டங்களை விழித்திருந்து பார்த்த கண்கள் சிவந்திருக்கும். யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்ற வழக்கு தீரும் வரை பாடப்புத்தகம் திறக்காது.

இதற்காக நான் அவர்களைக் கண்டிப்பதில்லை. ஏனென்றால் எனக்கும் ஓர் அணி இருக்கிறது.

விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபேண்டஸி காற்பந்தில் நாம்தான் நிர்வாகி. கையில் 100 மில்லியன் பவுண்டு கற்பனைப் பணம். அதைக் கொண்டு 15 ஆட்டக்காரர்களை வாங்க வேண்டும். ஒரே கிளப்பிலிருந்து மூவருக்கு மேல் கூடாது. அவர்கள் உண்மையான ஆட்டத்தில் செய்வதெல்லாம் நமக்குப் புள்ளிகள். தாக்குதல் ஆட்டக்காரர் கோல் அடித்தால் 4, நடுத்திடல் ஆட்டக்காரர் அடித்தால் 5, தற்காப்பு ஆட்டக்காரர் அடித்தால் 6. கோலுக்கு உதவினால் 3. நாம் தலைவராகத் தேர்ந்தெடுத்தவருக்கு இரட்டிப்பு. 38 வாரங்கள் இப்படிப் போகும். உலகம் முழுவதும் ஒரு கோடிக்கும் அதிகமான அணிகள் இதில் இருக்கின்றன. 2024-25 பருவத்தில் முகமது சாலா ஒருவரே 344 புள்ளிகள் எடுத்துச் சாதனை படைத்தார்.

யோசித்துப் பாருங்கள். தரவு இருக்கிறது. வாரந்தோறும் கணிப்பு இருக்கிறது. வார முடிவில் அந்தக் கணிப்பு சரியா, தவறா என்று தெரிந்துவிடுகிறது. அறிவியலுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் ஒரு மாணவனுக்கு எங்கே கிடைக்கும்? ஆனால் நாம் அங்கே எப்படிப் பேசுகிறோம்? குரல் பெரியதா, யார் மூத்தவன், யார் கிண்டலில் கெட்டிக்காரன் என்பதே தீர்ப்பு எழுதுகிறது. இந்தப் பேச்சின் தரம் உயர வேண்டும் என்பதே என் கருத்து. அது நடந்தால் உங்கள் புள்ளி உயரும் என்று உறுதி தர மாட்டேன். உங்கள் சிந்தனை உயரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதை எழுதத் தூண்டியது என் சொந்தத் தவறு ஒன்று.

அந்தப் பின்வரிசைக்குப் பக்கத்தில் படிவம் நான்கு மாணவி ஒருத்தி உட்காருவாள். அதிகம் பேச மாட்டாள். ஒருநாள் தயங்கித் தயங்கி ஒரு குறிப்பேட்டைத் திறந்தாள். ஆறு வாரங்களாக யார் எத்தனை நிமிடம் ஆடினார், கோல் பரப்புக்குள்ளிருந்து எத்தனை முறை பந்தை உதைத்தார் என்று கோடு போட்டு எழுதி வைத்திருந்தாள். "இவரை விற்காதீங்க, கோல் விழலையே தவிர வாய்ப்பு குறையவே இல்லை" என்றாள். "நீ எந்தக் கிளப்புக்கு ஆடினே?" என்று ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். வெப்பமானிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த நானும் சிரித்துவிட்டு, "சரி சரி, பாடத்துக்கு வாங்க" என்றேன். குறிப்பேடு மூடியது. அதன்பின் பல வாரங்கள் அவள் வாயே திறக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அறிவியல் கூடம் என்று பெயர்ப்பலகை மாட்டிய அறையில் தரவோடு வந்தவள் அவள் ஒருத்திதான். அவளைத்தான் நாங்கள் வாயடைத்தோம். நானும் உடந்தை.

நான்காம் ஆண்டுப் பாடம் மறந்துவிட்டதா?

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் நினைவிருக்கும். உற்றறிதல், ஊகித்தல், முன் அனுமானித்தல், செயல்நிலை வரையறை, மாறிகளை அடையாளம் காணுதல் என்று மனனம் செய்திருப்போம். அவை தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியவை அல்ல.

"கடந்த மூன்று ஆட்டங்களில் அவர் கோல் அடிக்கவில்லை." இது உற்றறிதல். யாரும் சரிபார்க்கலாம். "அவர் ஆட்டம் மங்கிவிட்டது." இது ஊகம். ஒரே உற்றறிதலுக்குப் பல ஊகங்கள் பொருந்தும். எதிரணியின் கோல் காவலர் அபாரமாக ஆடியிருக்கலாம். பயிற்றுநர் அவரை வேறு இடத்தில் ஆட வைத்திருக்கலாம். வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். நம் சண்டைகளில் பாதி, ஊகத்தை உற்றறிதல்போல் அடித்துப் பேசுவதால் வருபவை.

அடுத்தது 'ஃபார்ம்' என்ற சொல். எல்லாரும் அதைச் சொல்கிறோம். ஆளுக்கொரு பொருள். ஒருவனுக்குக் கோல் எண்ணிக்கை, ஒருவனுக்கு ஓடும் வேகம், இன்னொருவனுக்கு முகத்தில் தெரியும் தெம்பு. பொருள் ஒன்றாக இல்லாதபோது வாதம் எப்படி முடியும்? இங்கேதான் செயல்நிலை வரையறை வேண்டும். "ஃபார்ம் என்று நான் சொல்வது, கடைசி ஆறு ஆட்டங்களில் கோல் பரப்புக்குள்ளிருந்து உதைத்த பந்துகளின் எண்ணிக்கை" என்று சொல்லிவிட்டால் போதும். ஏற்கலாம், மறுக்கலாம், ஆனால் இருவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுகிறோம்.

வல்லுநர்களும் இதைத்தான் செய்கிறார்கள். 'எதிர்பார்ப்பு கோல்' என்ற அளவு அப்படிப் பிறந்ததுதான். கோல் கம்பத்திலிருந்து தூரம், கோணம், காலால் உதைத்ததா, தலையால் முட்டியதா போன்றவற்றைக் கொண்டு, அதேபோன்ற ஆயிரக்கணக்கான பழைய வாய்ப்புகளில் எத்தனை கோலாயின என்று பார்த்து, ஒவ்வோர் உதைக்கும் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பு கொடுக்கிறார்கள். பெனால்டிக்கு அந்த மதிப்பு நான்கில் மூன்று பங்கைச் சற்றே தாண்டும். அந்த மாணவியின் குறிப்பேடு இதே எண்ணத்தின் கையெழுத்துப் பிரதி.

மூன்று ஆட்டம் போதுமா?

காஜாங்கில் சாத்தே சாப்பிடாதவர் யார்? ஒருநாள் ஒரு குச்சி கருகி வந்தது என்பதற்காகக் கடையே மோசம் என்று சொல்வோமா? ஆனால் காற்பந்தில் அதைத்தான் சொல்கிறோம்.

ஒரு கணக்குப் போடுவோம். ஓர் ஆட்டக்காரர் பத்து ஆட்டங்களில் நான்கில் கோல் அடிப்பவர் என்று வைத்துக்கொள்வோம். மிக நல்ல ஆட்டக்காரர்தான். ஓர் ஆட்டத்தில் அவர் கோல் அடிக்காமல் போகும் வாய்ப்பு 0.6. அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் அடிக்காமல் போக 0.6 × 0.6 × 0.6, அதாவது 0.216. ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்! அவருடைய திறமை இம்மியும் குறையாமலே, 38 ஆட்டங்கள் கொண்ட ஒரு பருவத்தில் இப்படிப்பட்ட வறட்சி வந்துகொண்டேதான் இருக்கும். மூன்று ஆட்டத்தைக் காட்டி 'முடிந்தான்' என்று சொல்பவர் தற்செயலுக்குப் பெயர் சூட்டுகிறார்.

எர்லிங் ஹாலண்டையே எடுத்துக்கொள்வோம். 2022-23 பருவத்தில் லீக்கில் 36 கோல். அதுவரை யாரும் ஒரே பருவத்தில் அத்தனை அடித்ததில்லை. அடுத்த பருவம் 27. அதற்கடுத்து 22. "பார்த்தீங்களா, இறங்கிட்டான்!" என்றார்கள். முதலில் மாறியைக் கட்டுப்படுத்துவோம். முதல் பருவத்தில் அவர் 35 ஆட்டங்களில் ஆடினார். அடுத்த இரண்டிலும் 31 ஆட்டங்கள்தான். ஓர் ஆட்டத்துக்கு எத்தனை என்று வகுத்தால் 1.03, 0.87, 0.71. இறக்கம் உண்மைதான். ஆனால் சத்தம் போட்டவர்கள் சொன்ன அளவுக்கு இல்லை.

மீதியை விளக்கப் பழைய ஆய்வு ஒன்று உதவும். பிரான்சிஸ் கால்டன் 1886இல் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை ஒப்பிட்டு எழுதினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகவே இருந்தார்கள். ஆனால் சராசரியாகப் பார்த்தால் பெற்றோர் அளவுக்கு இல்லை. இதைச் சராசரியை நோக்கித் திரும்புதல் என்பார்கள். ஓர் உச்ச அளவில் திறமையோடு அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கும். திறமை தங்கும், அதே அளவு அதிர்ஷ்டம் அடுத்த முறையும் வர வேண்டும் என்ற கட்டாயமில்லை. சாதனை ஆண்டுக்குப் பிறகு வரும் ஆண்டு சற்றுக் குறைவது இயல்பு. தேர்வில் ஒருமுறை 98 எடுத்த தோழி அடுத்த முறை 91 எடுத்தால் "திமிர் வந்துவிட்டது" என்று சொல்லும் பெரியவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

அறிஞர்களும் தவறுவார்கள், திருத்திக்கொள்வார்கள்

"டீச்சர், அவன் இப்போ சூடா இருக்கான், தொடர்ந்து அடிப்பான்" என்று அடிக்கடி கேட்கிறேன். இதைப் பற்றி ஓர் அழகான அறிவியல் விவாதம் நடந்திருக்கிறது.

1985இல் கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். தொடர்ந்து பந்தைக் கூடையில் போட்டவர் அடுத்ததையும் போடும் வாய்ப்பு கூடுகிறதா? இல்லை என்றார்கள். 'சூடான கை' என்பது வெறும் மனமயக்கம் என்று உலகமே ஏற்றுக்கொண்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடநூல்களிலும் அதுவே இருந்தது.

2018இல் மில்லர், சன்ஹூர்ஹோ என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் அந்தக் கணக்கிலேயே ஒரு நுட்பமான பிழையைக் காட்டினார்கள். நீங்களே சரிபார்க்கலாம். 20 சென் நாணயத்தை மூன்று முறை சுண்டினால் எட்டு விதமான வரிசைகள் வரும். ஒவ்வொரு வரிசையிலும், தலை விழுந்ததற்கு அடுத்த சுண்டல் எத்தனை பங்கு தலையாகிறது என்று எழுதுங்கள். அப்படி எழுத முடிகிற வரிசைகள் ஆறு. அவற்றின் சராசரி பாதியாகத்தான் இருக்கும் என்று தோன்றும். கூட்டிப் பாருங்கள்: 5/12தான் வரும், அதாவது 42 விழுக்காட்டுக்கும் குறைவு. சிறிய வரிசைகளின் சராசரியை எடுத்தாலே இந்தச் சாய்வு வந்துவிடுகிறது. அதைச் சரிசெய்து பழைய தரவைப் பார்த்தபோது, சூடான கைக்குக் கொஞ்சம் ஆதாரம் தெரிந்தது.

இதில் எனக்குப் பிடித்தது முடிவு அல்ல, முறை. புதியவர்கள் "நீங்கள் எந்தக் கிளப்புக்கு ஆடினீர்கள்?" என்று கேட்கவில்லை. உங்கள் தரவு இது, உங்கள் கணக்கு இது, பிழை இங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார்கள். தரமான விவாதம் என்றால் அதுதான்.

'நான் அப்பவே சொன்னேன்'

நம் பின்வரிசையில் அதிகம் ஒலிக்கும் வாக்கியம் இது. சொன்னது பத்து, பலித்தது மூன்று, நினைவில் நிற்பது அந்த மூன்று மட்டும். மருந்து எளியது. ஆட்டத்துக்கு முன்பே எழுதி வையுங்கள். வெறுமனே "அடிப்பார்" என்று எழுதாமல் எத்தனை விழுக்காடு நம்புகிறீர்கள் என்றும் எழுதுங்கள்.

இதற்கு மதிப்பெண் போடும் முறையை 1950இல் அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த கிளென் பிரையர் வெளியிட்டார். மழைக் கணிப்புக்காக வந்தது, கோலுக்கும் பொருந்தும். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. நீங்கள் சொன்ன எண்ணுக்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்துங்கள். குறைந்த எண்ணே சிறந்தது.

கவின், மலர் என்ற இரண்டு கற்பனைப் பிள்ளைகள் பத்துக் கணிப்புகள் சொல்கிறார்கள். இருவருக்கும் ஏழு பலிக்கிறது. கவின் ஒவ்வொரு முறையும் "நிச்சயம், நூற்றுக்கு நூறு" என்றான். தவறிய மூன்றுக்கும் தலா 1, சராசரி 0.30. மலர் ஒவ்வொரு முறையும் "70 விழுக்காடு" என்றாள். பலித்ததற்குத் தலா 0.09, தவறியதற்குத் தலா 0.49, சராசரி 0.21. இருவருக்கும் அறிவு ஒன்றுதான். தன் அறிவின் எல்லையை நேர்மையாகச் சொன்னவள் வென்றாள். இன்னொன்று: "எனக்குத் தெரியாது, பாதிக்குப் பாதி" என்றே பத்து முறையும் சொன்ன பிள்ளைக்கு 0.25. அவன்கூடக் கவினை வெல்கிறான்! 'நிச்சயம்' என்ற சொல்லுக்கு விலை உண்டு என்று இப்போது புரிகிறதா?

ஆளையா, வாதத்தையா?

வாதத்தில் போலிகளைப் பிரித்தறியும் கலை நமக்குப் புதிதல்ல. மணிமேகலைக் காப்பியத்தில் ஒரு காதை முழுக்க வாதத்தின் உறுப்புகளை விளக்குகிறது. நிறுவ வேண்டிய கூற்று பக்கம், அதற்குரிய காரணம் ஏது, பிறகு எடுத்துக்காட்டு. மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையைப் போல. இந்த உறுப்புகள் எப்படியெல்லாம் பிழைபடும் என்றும் அந்தக் காதை வரிசைப்படுத்துகிறது. நம் பேச்சை அதில் பொருத்துங்கள். "இந்த வாரம் இவரைத் தலைவராக்கு" என்பது பக்கம். ஏது எங்கே? எடுத்துக்காட்டு எங்கே? "உனக்குப் பந்து தெரியாது" என்பது ஏது ஆகுமா? அது ஆளைப் பற்றிய பேச்சு; ஆட்டத்தைப் பற்றி அதில் ஒரு துளித் தகவலும் இல்லை.

இந்த இழிசொல் எங்கே போய் முடியும் என்பதை நம் நாடே பார்த்தது. 2019 சீ விளையாட்டில் பூப்பந்து மகளிர் ஒற்றையர் தங்கத்தை மலேசியாவுக்கு வென்று தந்தவர் கிஷோனா செல்வதுரை. 2021இல் சுதிர்மான் கிண்ணப் போட்டியில் அவர் ஓர் ஆட்டத்தில் தோற்றபோது, சமூக ஊடகத்தில் அவருடைய நிறத்தையும் இனத்தையும் இழிவுபடுத்தி ஒருவர் எழுதினார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அவர் மோதியது ஜப்பானின் அகானே யமாகுச்சியோடு. உலகின் முன்னணி வீராங்கனைகளுள் ஒருவர். ஆட்டத்தைப் பற்றிப் பேச எவ்வளவோ இருந்தது. இழிசொல்லுக்கு அது எதுவும் தேவைப்படவில்லை. நம் வகுப்பறைக் கிண்டல் அவ்வளவு கொடியது அல்ல என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் இரண்டும் ஒரே வேரில் முளைப்பவை. ஆதாரம் தீர்ந்த இடத்தில் ஆளைத் தாக்குவதுதான் அந்த வேர்.

பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் பணம் கட்டி ஆடும் ஃபேண்டஸி விளையாட்டு பெரும் வணிகமாக வளர்ந்தது. 2025 ஆகஸ்டில் அங்கே பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் வந்தபோது, டிரீம்11 போன்ற நிறுவனங்கள் கட்டணப் போட்டிகளை நிறுத்தின. நாம் ஆடுவது இலவச ஆட்டம். அதில் ஐந்து ரிங்கிட் பந்தயம்கூட வேண்டாம். சூதாட்டம் தவறு என்பது முதல் காரணம். அதோடு, பணம் நுழைந்தால் தெரிந்ததை மறைப்பதும், தோற்றதைத் துரத்துவதும் தொடங்கிவிடும். நேர்மையான பேச்சு செத்துவிடும்.

"விளையாட்டை ஏன் டீச்சர் பாடமாக்குறீங்க?"

இந்தக் கேள்வியைப் பின்வரிசை என்னிடம் கேட்டது. நியாயமான கேள்வி. விளையாட்டு என்றால் கத்த வேண்டும், துள்ள வேண்டும். 2016இல் பினாங்கு ஆட்டக்காரர் ஃபைஸ் சுப்ரி உதைத்த பந்து காற்றில் வளைந்து நெளிந்து வலைக்குள் போனபோது யார் விழுக்காடு கணக்குப் போட்டார்கள்? அந்தக் கோலுக்கு ஃபிஃபாவின் புஸ்காஸ் விருது கிடைத்தது. நானும் கத்தியவள்தான். ஆனால் கத்தி முடித்த பிறகு ஒரு கேள்வி வருமே: பந்து ஏன் அப்படி வளைந்தது? சுழற்சி குறைவாக இருந்தால் காற்று பந்தை எப்படித் தள்ளும்? அது திறமையா, அதிர்ஷ்டமா? அதே இடத்திலிருந்து இருபது முறை உதைத்தால் எத்தனை உள்ளே போகும்? இந்தக் கேள்விகள் மகிழ்ச்சியைக் குறைக்கவில்லை, நீட்டித்தன.

இப்போது எங்கள் அறிவியல் கூடத்தின் வெண்பலகை ஓரத்தில் மூன்று வரிகள் இருக்கின்றன. எதிராளி சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளும்படி முதலில் திருப்பிச் சொல். பிறகு உன் ஆதாரத்தைச் சொல். எதைப் பார்த்தால் உன் கருத்தை மாற்றிக்கொள்வாய் என்பதையும் சொல். கடைசி வரிதான் கடினம். "எதைப் பார்த்தாலும் மாற மாட்டேன்" என்பவர் விவாதிக்க வரவில்லை, அறிவிக்க வந்திருக்கிறார்.

அந்த மாணவியிடம் நான் வகுப்பின் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். உடனே எதுவும் மாறிவிடவில்லை. அவள் தலையை மட்டும் அசைத்தாள். இரண்டு வாரம் கழித்து, அவளைக் கிண்டல் செய்த அதே பையன் அவள் மேசை அருகே நின்று, "அந்த நோட்டுல ஆர்சனல் ஆளு பேரு இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டான். அவள் குறிப்பேட்டைத் திறந்தாள். அன்று பாடம் ஐந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மாணவர்களே, இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். உங்கள் நண்பர்களோடு பத்துக் கணிப்புகளை விழுக்காட்டோடு எழுதி, தாளை மடித்து ஒருவரிடம் கொடுங்கள். திங்கட்கிழமை பிரையர் மதிப்பெண் போடுங்கள். யார் வென்றார் என்பதோடு, உங்கள் குழுவில் இதுவரை பேசாதவர் யார் என்பதையும் பாருங்கள். அவரிடம் ஒரு குறிப்பேடு இருக்கக்கூடும்.